காளஹஸ்தி மூங்கில் பேனாவும் குழந்தைகளின் காகிதப் பரிசும்

காளஹஸ்தி என்றதும் நம்மவர்களுக்கு வாயுலிங்கம், ராகு கேது பரிகாரம், கண்ணப்ப நாயனார் கதை எல்லாம் நினைவுக்கு வரும். அங்கே பிறந்து வளர்ந்த எனக்குக் கலம்காரித் துணிகளும் நினைவுக்கு வரும். சுவர்ணமுகி ஆற்றில் அலசி, மணலில் உலர்த்திய துணிகள் அவை.

மசூலிப்பட்டினம் பக்கத்தில் அச்சுக்கட்டை கொண்டு கலம்காரி செய்வார்கள். காளஹஸ்தியிலோ ஒவ்வொரு கோடும் கையால் வரைவது. 'கலம்' என்பது பாரசீகத்தில் பேனா. மூங்கில் குச்சியைச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி, நூலால் கட்டினால் கலம் தயார். மையில் தோய்த்து மெல்ல அழுத்தினால் மை இறங்கும். மங்கி வந்த இக்கலைக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1957-இல் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குருப்பச் செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே முறையில் நம் குழந்தைகள் காகிதத்தில் வாழ்த்து அட்டை செய்யலாம். பரிசு என்றால் கடைக்குப் போய் வாங்குவது என்றே அவர்கள் நினைக்கிறார்கள். என் ஆறு வயது மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

முதலில் காகிதம். காளஹஸ்தியில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கலவையில் நனைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புதான் கறுப்பு நிறம் பிடிக்க உதவுகிறது. பால் மை பரவாமல் தடுக்கிறது. நமக்குத் தேயிலை போதும். அதிலும் துவர்ப்பு உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் நான்கு ஸ்பூன் தேயிலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறியபின் கெட்டியான படம் வரையும் தாளில் பூசி நன்றாக உலர விடுங்கள்.

அடுத்தது மை. அங்கே இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். நாம் பூச்சு இல்லாத சாதாரண இரும்பு ஆணிகள் சிலவற்றை அரைத் தம்ளர் வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டலாம். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. மூடியை இறுக்காதீர்கள், வாயு உண்டாகும். அடுப்புப் பக்கம் வேண்டாம். குழந்தைகள் குடித்துவிடாதபடி பாட்டிலில் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். துணியில் பட்டால் கறை போகாது, ஆகவே பழைய உடுப்பே நல்லது.

இனிதான் வேடிக்கை. மை வெளிறித்தான் இருக்கும். தேயிலை பூசிய தாளில் பட்டதும் கண்ணெதிரே கறுக்கும். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பதும் இதே காரணத்தால்தான். என் மகள் இதைப் பார்த்துக் கைதட்டி, இன்னொரு கோடு, இன்னொரு கோடு என்று தாளையே நிரப்பிவிட்டாள்! மஞ்சள் நிறத்துக்குச் சமையல் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளலாம். வெயிலில் அது வெளுக்கும் என்பதால் அட்டையை நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

என்ன வரைவது? ஊர்ப் பெயரிலேயே படம் இருக்கிறது. ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் பாம்பு, ஹஸ்தி யானை. மூன்றும் சிவனை வழிபட்டு முக்தி பெற்றதாகத் தலபுராணம் சொல்கிறது. தாளை மூன்றாக மடியுங்கள். முதல் மடிப்பில் ஒரு வட்டமும் கால்களும், இரண்டாவதில் ஒரு வளைகோடு. நான்கு வயதுக் குழந்தைக்கும் இவை வரும். மூன்றாவதில் யானைக்கு அண்ணன், அக்கா உதவட்டும். கலம்காரியில் படத்தோடு கதையையும் எழுதும் வழக்கம் உண்டு. அதுபோல் ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயரைத் தமிழில் எழுத வையுங்கள். எழுத்துப் பயிற்சி என்று சொன்னால் ஓடும் பிள்ளை, மூங்கில் பேனா என்றால் உட்கார்ந்து எழுதும்.

எங்கள் வீட்டு அட்டை காளஹஸ்தியில் இருக்கும் என் அம்மாவுக்குப் போயிற்று. அதுவரை பாட்டியும் பேத்தியும் தொலைபேசியில் பேசுவது "சாப்பிட்டியா கண்ணு?", "சாப்பிட்டேன் பாட்டி" என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இவளுக்குத் தமிழ் வராது. அட்டை கிடைத்த அன்று அம்மா கேட்டார்: "ஏன் கண்ணு, உன் சிலந்திக்கு ஆறு கால்தானே இருக்கு?" இவள் திகைத்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "ரெண்டு கால் பின்னாடி ஒளிஞ்சிருக்கு பாட்டி." மறுமுனையில் ஒரே சிரிப்பு. அன்று அவர்கள் இருபது நிமிடம் பேசினார்கள். நான் தொலைபேசியை வாங்கவே இல்லை.

தொலைவில் வளரும் பிள்ளைக்குப் பாட்டியோடு பேச ஒரு விஷயம் வேண்டும். தானே செய்த பொருளைப் பற்றிப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊரில் யாருக்காவது பிறந்தநாள் வருகிறதா என்று பார்த்து, இன்றே ஆணியை வினிகரில் போடுங்கள். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். தபாலுக்கும் நாள் வேண்டுமல்லவா?