வீட்டுக்குள் ஒரு சூளை: லூசி ரீயின் மட்கலை

லூசி ரீ (1902–1995) இருபதாம் நூற்றாண்டு மட்கலையில் தனித்து நிற்கும் பெயர். அவருடைய மெல்லிய கிண்ணங்களும் நீள்கழுத்துக் குடுவைகளும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை லண்டனில் ஒரு சிறிய வீட்டின் தரைத்தளத்தில் உருவானவை. பெரிய பட்டறையோ விறகுச் சூளையோ அவருக்கு வாய்க்கவில்லை. வீடு விதித்த எல்லைகளிலிருந்தே அவருடைய பாணி பிறந்தது.

வியன்னாவில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்த லூசி, 1922-இல் அந்நகரின் கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்து மிகேல் பொவோல்னியிடம் மட்கலை பயின்றார். சில ஆண்டுகளிலேயே சொந்தப் பட்டறை தொடங்கினார். 1937-இல் பாரீஸ் உலகப் பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டே நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொள்ள, அவர் கணவருடன் லண்டனுக்குத் தப்பிவந்தார். கணவர் அமெரிக்கா போய்விட்டார். லூசி லண்டனிலேயே தங்கினார்.

ஹைட் பூங்காவுக்கு அருகிலுள்ள அல்பியன் மியூஸ் என்ற சந்தில், 18-ஆம் எண் வீடு அவருக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் குதிரை லாயங்கள் இருந்த சந்து அது. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. கட்டடக்கலைஞர் எர்ன்ஸ்ட் பிளிஷ்கே வியன்னாவில் அவருக்காகவே வடிவமைத்திருந்த மரச்சாமான்கள் கப்பலில் வந்தன. உளவியலறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகனும் கட்டடக்கலைஞருமான எர்ன்ஸ்ட் ஃப்ராய்ட், அவற்றை இந்த வீட்டின் அளவுக்கு மாற்றியமைத்துக் கொடுத்தார். இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, லூசி வாழ்ந்ததும் உழைத்ததும் இங்கேதான்.

புதிய ஊரில் அவர் பெயரை அறிந்தவர் சிலரே. வயிற்றுப்பாட்டுக்குக் கைகொடுத்தவை பொத்தான்கள். பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, உலர்த்தி, கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சிட்டுச் சுட்ட பொத்தான்களைத் தையல் நிறுவனங்கள் வாங்கின. துணியின் நிறம் எதுவோ, பொத்தானும் அதற்கு இசைய வேண்டும். நீலத்திலும் பச்சையிலும் நூலிழை வேறுபாடு காட்டும் கலவைகளை ஓயாமல் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னாளில் அவர் கலங்களில் தெரிந்த நிற நுட்பத்துக்கு இந்தப் பொத்தான் வேலையே நல்ல பயிற்சியாக அமைந்தது.

1946-இல் ஹன்ஸ் கோப்பர் என்ற இளைஞர் வேலை கேட்டு வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அகதி. மட்கலையில் முன் அனுபவம் கிடையாது. விரைவிலேயே தொழிலைக் கற்று லூசிக்கு நிகரான கலைஞரானார். 1958 வரை இருவரும் அதே பட்டறையில் தேநீர், காபிக் கோப்பைகளும் தட்டுகளும் செய்து விற்றனர். பிரிட்டிஷ் மட்கலையின் தலைவராகக் கருதப்பட்ட பெர்னார்ட் லீச், லூசியின் கலங்கள் அளவுமீறி மெல்லியவை என்று குறை சொல்லியிருந்தார். அதைக் கேட்டுச் சில காலம் தடித்த கலங்களை முயன்ற லூசி, மீண்டும் தம் வழிக்கே திரும்பக் கோப்பரின் ஊக்கம் துணைநின்றது.

1948-இல் மேல்மூடி திறக்கும் மின்சூளை ஒன்று வீட்டுக்கு வந்தது. சுமார் 1,250 டிகிரி செல்சியஸில் சுடப்படும் ஸ்டோன்வேர் வகைக் கலங்களை இதன்பின் அவரால் செய்ய முடிந்தது. விறகுச் சூளையில் சுடரும் சாம்பலும் கலத்தின் நிறத்தை மாற்றும். மின்சூளையில் சுடர் இல்லை, ஆக்சிஜனும் குறைவதில்லை. ஆகவே செம்பு கலந்த பூச்சு சிவக்காமல் பச்சையாகவே நிற்கும். சூளை தராத அழகைப் பூச்சிலும் மண்ணிலும் கலைஞரே வைத்தாக வேண்டும்.

பொதுவாக ஸ்டோன்வேர் கலத்தை இருமுறை சுடுவார்கள்: முதலில் வெறும் மண், பிறகு பூச்சு. லூசி ஒரே முறைதான் சுட்டார். சுடாத பச்சைக் கலத்தைச் சுழலவிட்டு, பிசின் சேர்த்த பூச்சைத் தூரிகையால் கெட்டியாகத் தடவுவார். ஈரம் அதிகமானால் மெல்லிய விளிம்பு இளகித் தொய்ந்துவிடும். சுடும்போது மண் சுருங்கும். பூச்சும் கூடவே சுருங்காவிட்டால் உரிந்து விழும். இந்த இடர்களைத் தாண்டிவிட்டால் பலன் பெரிது. மண்ணும் பூச்சும் ஒன்றாக வெந்து ஒன்றோடொன்று உருகிப் பிணைகின்றன. மண்ணில் கலந்த உலோக ஆக்சைடுகள் பூச்சின் ஊடே கசிந்து நிறம் காட்டுகின்றன.

இந்த அடித்தளத்தின்மேல் பல உத்திகள் வளர்ந்தன. சிலிக்கன் கார்பைடு சேர்த்தால் சூளையில் வாயு வெளிப்பட்டுப் பூச்சு கொப்புளித்து, எரிமலைப் பாறைபோல் துளைகள் விழும். வெவ்வேறு நிற மண்ணைச் சேர்த்துச் சக்கரத்தில் ஏற்றினால் சுவரில் சுருள்கோடு ஓடும். குடுவையின் உடலையும் கழுத்தையும் தனித்தனியே வனைந்து ஒட்டுவார். இங்கிலாந்தின் ஏவ்பரி அருங்காட்சியகத்தில் பார்த்த பழங்காலக் கீறல் கலங்கள் இன்னொரு வழி காட்டின: மாங்கனீசு பூசிய கரும்பரப்பை ஊசியால் கீறி, உள்ளிருக்கும் வெண்மையை மெல்லிய கோடுகளாக வெளிக்கொணர்ந்தார்.

1960 முதல் பத்தாண்டுக்கும் மேல் கேம்பர்வெல் கலைப் பள்ளியில் கற்பித்தார். 1982-இல் பிபிசி நிகழ்ச்சிக்காக டேவிட் அட்டன்பரோ அவரைப் பேட்டி கண்டார். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1989-இல் அவருடைய படைப்புகளை டோக்கியோவில் காட்சிக்கு வைத்தார். லூசியின் பழைய பொத்தான்களைத் தம் ஆடைகளில் தைத்தார். 1990-இல் பக்கவாதம் தாக்கியதும் லூசியின் வேலை நின்றது. 1991-இல் பிரிட்டிஷ் அரசு ‘டேம்’ என்ற கௌரவப் பட்டம் வழங்கியது.

லூசி இறந்த பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. பட்டறை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டிருக்கிறது. பிளிஷ்கேயின் மரச்சாமான்கள் வியன்னாவின் அரச மரச்சாமான் அருங்காட்சியகத்துக்குத் திரும்பின.