பயிருக்குள் ஒரு கடிகாரம்

ஹாலிஎலப் பகுதியின் தேயிலை மலையோரங்களில் தொட்டாற்சுருங்கியைக் காணாதவர் இல்லை. பொழுது சாய்ந்ததும், யாரும் தொடாமலே அது இலைகளை மூடிக்கொள்ளும். 1729இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் டி மெய்ரன் இத்தகைய செடியை இருளில் வைத்துப் பார்த்தார். வெயிலைக் காணாமலே அது பகலில் விரிந்தது, இரவில் மூடியது. செடிக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பதற்கு இது முதற்சான்றாயிற்று.

அக்கடிகாரம் பரம்பரை அலகுகளால் ஆனது. சில காலையில் விழிக்கும், சில மாலையில் விழிக்கும். ஒன்றையொன்று அடக்கி ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றை நடத்தும். ஓர் அலகில் விகாரம் ஏற்பட்டால் சுற்றே மாறலாம். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றில், ஒரே விகாரத்தால் சுற்று 21 மணியளவுக்குக் குறைந்ததை 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இதற்கும் நமது வயலுக்கும் என்ன தொடர்பு? நமது நாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். அச்சிறு வேறுபாட்டையும் மாவீ போன்ற பழைய நெல்லினங்கள் தம் கடிகாரத்தால் அறியும். பகல் குறுகினால்தான் அவை பூக்கும். ஆகவே அவை பெரும்போகத்துக்கே உரியவை. சிறுபோகத்தில் விதைத்தால் இலையும் தாளுமாக நின்றுவிடும்.

கடிகாரத்திலோ, அதன் செய்தியைக் கொண்டுசெல்லும் அலகுகளிலோ விகாரம் ஏற்பட்ட நெல் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது. அத்தகைய நெல் கடுங்குளிர் வரும் ஜப்பானின் ஹொக்கைடோவிலும் விளைகிறது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் புதிய இனங்களும் பகல் நீளத்துக்குக் கட்டுப்படாமல் இரு போகத்திலும் விளைகின்றன. பெயரிலுள்ள எண்ணே வயதைச் சொல்லும்: பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல்.

ஆயினும் பழைய கடிகாரம் பயனற்றதன்று. மழை பிந்தி, விதைப்பும் பிந்தினாலும் மாவீ தன் பருவத்தில் பூத்து, வெயில் காலத்தில் அறுவடைக்கு வரும். மழை முறைதவறும் இந்நாட்களில் இது சிறிய வரம் அல்ல. கன்னொறுவை தாவர மரபணு வள நிலையம் இத்தகைய விதைகளைக் காத்து வருகிறது. வயலிலும் அவை வாழ வேண்டும்.

தோட்டச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, ஒரு போகத்துக்கு வயலைக் குத்தகைக்கு எடுக்கும் குடும்பத்துக்கு விதைத்தவறு என்பது கடன். ஆகவே விதை வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதன் வயது என்ன? இது எந்தப் போகத்துக்கு உரியது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. படைத்தவர் அதை விதைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.