யாரும் வைக்காத பெயர்

“ஐயா, பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பெயராக ஒன்று சொல்லுங்கள். வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது.”

தோட்டப் பள்ளியில் பணியாற்றும் தமிழாசிரியர்க்கு இவ்வேண்டுகோள் புதிதன்று. குழந்தை பிறந்த வீட்டார் கோயிலுக்குச் செல்வது போலவே பள்ளிக்கும் வருகின்றனர். பெயர் தமிழாக இருத்தல் வேண்டும். அரிதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் நல்ல விருப்பங்களே. ஆயினும், இவை நிறைவேறினால் மட்டும் போதுமா என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

புதுமை நாடுதல் புதிதன்று

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் முனியாண்டி, வீராசாமி, மாரியாயி, பெருமாயி என்னும் பெயர்களே முன்னிற்கும். கடல் கடந்து வந்த நம் முன்னோர், ஊரில் விட்டு வந்த தெய்வத்தைப் பிள்ளையின் பெயரில் வைத்து அழைத்தனர். அப்பெயர்களை எள்ளுதல் தகாது. பின்னர்த் தனித்தமிழ் உணர்ச்சி எழுந்தது. சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த வேதாசலம், மறைமலையடிகள் ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. அவ்வுணர்ச்சி இந்நாட்டுத் தோட்டங்களையும் எட்டியது. அறிவழகன், தமிழ்ச்செல்வி, மணிமேகலை என்னும் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. அன்று புதுமையாக ஒலித்த அவை இன்று பழகிய பெயர்களாகிவிட்டன.

ஆகவே, இன்றைய பெற்றோர் வேறு பெயர் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் அத்தேட்டம் பலரை வழி தவறச் செய்கின்றது. ஒலியின் இனிமை ஒன்றையே கருதி, பெற்றவர்களே பொருள் சொல்ல இயலாத பெயர்களை இடுகின்றனர். எண்கணிதத்தின் பொருட்டு நடுவில் ஓரெழுத்தைக் கூட்டி, இறுதியில் ஓரெழுத்தைக் குறைக்கின்றனர். முதலாம் ஆண்டு வகுப்பில், “உன் பெயருக்கு என்ன பொருள்?” என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் பலர்.

பழைய நூல்களில் புதிய பெயர்கள்

அரிய பெயருக்கு நாம் எங்கும் அலைய வேண்டுவதில்லை. சங்கப் பாடல்களைப் பாடிய புலவர்களுள் பெயர் தெரிந்தோர் 473 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அவருள் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் பெண்பாலர் என்பர். நன்முல்லை, இளவெயினி, நன்னாகை, நச்செள்ளை, நப்பசலை, நக்கண்ணை முதலியன அப்பெண்பாற் புலவர்தம் பெயர்கள்.

இவற்றின் அமைப்பை நோக்குக. நக்கீரன் என்னும் பெயரில் முன்னிற்கும் ‘ந’ சிறப்புப் பொருளைத் தருவது. அதுவே நச்செள்ளையிலும் நப்பசலையிலும் வந்துள்ளது. ‘நல்’ என்பது முல்லையோடு சேர்ந்து நன்முல்லை ஆயிற்று. ‘இள’ என்பது எயினியோடு சேர்ந்து இளவெயினி ஆயிற்று; எயினி என்பாள் எயினர் குடிப்பெண். இம்முறை விளங்கிவிட்டால் நாமே புதுப்பெயர்கள் ஆக்கலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கியுள்ள 99 பூக்களே ஒரு பெயர்க் களஞ்சியம் அன்றோ?

ஆண்மக்களுக்கும் குறைவில்லை. தன்னை நாடி வந்த புலவர் தன் தலையைக் கொடுத்தேனும் பரிசில் பெறட்டும் என்று வாளை நீட்டியவன் குமணன். பசித்து வந்த புலவர்க்கு ஊனும் அணியும் தந்து, ‘நீ யார்?’ என்று வினவியபோது பெயர் சொல்லாமலே சென்றவன் நள்ளி. உலகத்தாரை எல்லாம் உறவாகக் கண்டவர் கணியன் பூங்குன்றனார்.

நான் செய்த பிழை

நிற்க. இப்பெயர்களில் மயங்கி நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லுதல் கடன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர் தம் தலைமகளுக்குப் பெயர் கேட்டு வந்தார். நான் அக்காலத்தில் குறுந்தொகையில் தோய்ந்திருந்தேன். சற்றும் தயங்காது, “ஆதிமந்தி” என்றேன். காவிரி வெள்ளம் கொண்டு சென்ற தன் கணவன் ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவள். கரிகாலன் மகள் என்று சிலப்பதிகாரம் கூறும் பெருமையுடையவள். குறுந்தொகையில் பாடல் உடையவள். இவையெல்லாம் என் நெஞ்சில் இருந்தன. அவரிடம் நான் சொன்னதோ பெயர் ஒன்று மட்டுமே. “யாரும் வைக்காத பெயர், தம்பி,” என்று பெருமையோடு அனுப்பி வைத்தேன்.

ஏழு வயதில் அச்சிறுமி என் பள்ளிக்கே வந்தாள். ஒரு திங்கள் கூட ஆகவில்லை; வகுப்பிற் பிள்ளைகள் அவளை ‘மந்தி, மந்தி’ என்றே அழைத்தனர். பெண்குரங்கிற்கு மந்தி என்று பெயர் எனத் தமிழ்ப்பாடத்தில் படித்த பிள்ளைகள்! அவர்களை நான் எங்ஙனம் கடிவேன்? அதனோடும் முடியவில்லை. பிறப்புப் பத்திரத்தில் தந்தையார் எழுதிய உரோமன் எழுத்துகளை மலாய் மொழி முறையில் படித்தால் பெயரின் பின்பாதி ‘மண்டி’ என்றாகும். மலாயில் அதற்குக் குளித்தல் என்று பொருள். புதிதாக வந்த மலாய் ஆசிரியை ஒருவர் வருகைப் பதிவேட்டைப் படித்துவிட்டு, இது பெயர்தானா என்று என்னையே கேட்டார்.

அன்று பிற்பகல் நான் அவ்வகுப்பிற்குச் சென்று ஆதிமந்தியின் கதையை முழுவதும் சொன்னேன். பிள்ளைகள் வாய் திறவாமல் கேட்டனர். சிரிப்புக் குறைந்தது; அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மூன்று சோதனைகள்

அதன்பின் பெயர் கேட்டு வருவோரிடம் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கச் சொல்லி வருகின்றேன்.

முதலாவது, பொருள். அகராதியில் எல்லாப் பொருளையும் காண்க. ஆதன் என்பது சேர மன்னர் பெயரில் வருவது. கீழடிப் பானையோட்டிலும் காணப்படுவது. ஆனால் பிற்காலத்தில் அச்சொல்லுக்கு அறிவிலி என்னும் பொருளும் ஏற்பட்டது. எழினி என்பதை இன்று பெண்மக்களுக்கு இடுகின்றனர். சங்க காலத்தில் அது அதியமான் குடியில் ஆண்மக்கள் பெயர்; நாடக மேடையின் திரைக்கும் அதுவே பெயர். அறிந்து இடுவதில் தவறில்லை. அறியாது இடுதலே தவறு.

இரண்டாவது, வாய். வாசலில் நின்று பத்து முறை உரக்க அழைத்துப் பாருங்கள். எந்தப் பெயரும் விளையாட்டுத் திடலில் பாதியாக வெட்டப்படும். வெட்டிய துண்டு எதுவாக நிற்கும் என்றும் பாருங்கள். நன்முல்லையை வெட்டினால் முல்லை மிஞ்சும். ஆதிமந்தியை வெட்டினால் மிஞ்சுவதை நான் கண்டேன்.

மூன்றாவது, எழுத்து. நம் பிள்ளைகளின் பெயர் இந்நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் உரோமன் எழுத்திலேயே ஏறுகின்றது. ல, ள, ழ என்னும் வேறுபாடும், ன, ண, ந என்னும் வேறுபாடும் அங்கே நில்லா. கொடையாளன் நள்ளி அவ்வெழுத்தில் ‘நல்லி’ ஆகி, ஆட்டிறைச்சிக் கடையை நினைவூட்டுவான். எனவே, பதிவுக்குச் செல்லுமுன் பெயரைத் தாளில் எழுதி, தமிழறியாத அண்டை வீட்டார் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படிப்பதே பிள்ளை வாழ்நாள் முழுதும் கேட்கப் போகும் பெயர். ஒரு முறை பதிந்ததைப் பின்னர்த் திருத்துதல் எளிதன்று.

குமணன், பூங்குன்றன், நன்முல்லை, இளவெயினி ஆகியவை இம்மூன்றிலும் தேறுவன. மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சையிட்ட ஆதிரையின் பெயரும் தேறும்.

கதையையும் கொடுங்கள்

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அப்பெயருக்கு உரியவர் யார், எந்நூலில் வருகின்றார், என்ன செய்தார் என்பதைப் பத்து வரியில் எழுதிக் கொடுங்கள். பழகிய பெயரைத் தாங்க ஊரே துணை நிற்கும். அரிய பெயரைப் பிள்ளை தனியே தாங்க வேண்டும்; அதற்குக் கதைதான் துணை.

அச்சிறுமி இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கின்றாள். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்கத் தந்தையார் அவளையும் அழைத்து வந்தார். நான் வாய் திறக்குமுன் அவளே, “வேண்டாம் ஐயா. யாராவது சிரித்தால் நான் கதை சொல்லிவிடுவேன்,” என்றாள்.

அது அவளுடைய பெருந்தன்மை. அதனால் என் பிழை இல்லையென்று ஆகிவிடாது. அவள் பிறந்த அன்றே அக்கதையை அவள் வீட்டில் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.