விழுங்கப்படுவதற்கென்றே ஒரு குமிழி

2021இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது ‘லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்’ என்று எழுதிய சீட்டோடு கடைகடையாக அலைந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய ஆம்ஃபோடெரிசின் இருக்க, இதற்கு ஏன் அத்தனை தட்டுப்பாடு?

பழையது பூஞ்சையோடு சேர்த்துச் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். புதியதில் அதே மருந்து லைப்போசோம் எனும் ஒரு கொழுப்புக் குமிழியின் சுவருக்குள் செருகிக் கிடக்கிறது.

அந்தக் குமிழியை யாரும் கட்டுவதில்லை. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாமில் 1960களின் தொடக்கத்தில் அலெக் பாங்கம் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது இதைத்தான். முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீர் ஆகாத வால்கள் இரண்டு. வால்களை மறைக்க இந்த மூலக்கூறுகள் எதிரெதிரே நின்று இரட்டைச் சுவராகின்றன. சுவரின் ஓரத்திலும் தண்ணீர் படக் கூடாதே! அதனால் தாமாகவே வளைந்து மூடிக்கொள்கின்றன.

இதை மருந்து வண்டியாக்க முயன்றவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ரத்தத்தில் விட்டால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் குமிழிகளை விழுங்கிவிடும். என்னை வியக்கவைப்பது, காலா அசார் நோயில் இந்தக் குறையே வரமானது. மணல் ஈ கடித்து உடலில் நுழையும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி ஒளிந்து பெருகுவது அதே மேக்ரோஃபேஜுக்குள்தான். எங்கள் வீட்டு நாய்க்கு இட்லிக்குள் மாத்திரை வைத்துக் கொடுப்போம், அப்படித்தான் இதுவும். பீகாரின் முசாபர்பூரில் ஷ்யாம் சுந்தர் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசினை உடல் எடையின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை ஏற்றியதில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் குணமானார்கள். பழைய மருந்தும் ஏறக்குறைய அதே அளவு குணப்படுத்தியது. ஆனால் அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 15 ஊசி, 29 நாள் மருத்துவமனை. கூலி வேலை செய்பவர் ஒரு மாதக் கூலியை விட்டுப் படுத்துக் கிடப்பதென்றால் அந்த வீட்டில் எப்படி உலை கொதிக்கும்?

இன்று ‘லைப்போசோமல்’ என்ற சொல் வைட்டமின் புட்டிகளிலும் முகப் பூச்சிலும் விலையை ஏற்றும் முத்திரையாகிவிட்டது. மண் வீட்டில் காலா அசாரோடு கிடப்பவருக்கோ அந்தக் குமிழி பெருமளவு நன்கொடையாகத்தான் போய்ச் சேர்ந்தது. எந்த வரிசையில் யாரை முன்னால் நிறுத்துகிறோம் என்பதில் எனக்கு மனம் ஆறவில்லை.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: சலைனில் கலந்து ஏற்றலாமா? கூடாது. உப்பு பட்டால் மருந்து திரிந்துவிடும். முதலில் ஊசிக்கான தூய நீரில் கரைத்து, பிறகு டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் கலந்துதான் ஏற்ற வேண்டும்.