வம்சவிருட்சம்: நஞ்சன்கூட்டில் தொடங்கி இன்னும் தீராத வழக்கு

‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் 2023-இல் வந்தபோது, கல்கியைக் கரைத்துக் குடித்தவர்களுக்குச் சேந்தன் அமுதன் விஷயம் உறுத்தியது. நாவலில் முடிசூடுபவன் அவன். படத்தில் மதுராந்தகனே சூடிக்கொள்கிறான். கதையை மாற்றினால் சண்டை வருவது இயல்பு. பெரிதாக எதையும் மாற்றாமலே பார்வையாளர்களை இரு கட்சியாக்கிய படம் ஒன்றும் உண்டு. அதன் கதை நடப்பது மைசூருக்குப் பக்கத்து நஞ்சன்கூட்டில்.

எஸ்.எல். பைரப்பாவின் கன்னட நாவல் ‘வம்சவிருட்ச’ 1965-இல் வெளியானது. ஆசாரசீலரான சீனிவாச சுரோத்ரியின் ஒரே மகனைக் கபிலா ஆறு கொண்டுபோய்விடுகிறது. இளம் மருமகள் காத்யாயனி ரயிலேறி மைசூர் சென்று படிக்கிறாள். அங்கே ஒரு விரிவுரையாளரை மணக்கிறாள். முதல் மணத்தில் பிறந்த அவள் மகன் தாத்தாவிடமே தங்கிவிடுகிறான். மறுமணத்தில் அவளுக்குக் கரு தங்குவதே இல்லை. உடல் நைந்து இறக்கிறாள். சுரோத்ரிக்கோ, தானே அந்த வம்சத்து ரத்தமில்லை என்பது முதுமையில் தெரியவருகிறது.

பி.வி. காரந்தும் கிரிஷ் கர்னாடும் சேர்ந்து இதைப் படமாக்கினார்கள். காத்யாயனியாக எல்.வி. சாரதா. 1971-க்கான சிறந்த இயக்குநர் தேசிய விருது இருவருக்கும் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், கர்னாட் நடித்த ‘சம்ஸ்கார’ அக்ரகாரத்து ஆசாரத்தைக் கிழித்துப் போட்டிருந்தது. அதே மனிதர் மறுமணம் செய்தவளைச் சாகடிக்கும் கதையை எடுப்பானேன் என்றது ஒரு கட்சி. வம்சப் பெருமையின் வேரையே கதை அரித்துவிடுகிறதே, கவனிக்கவில்லையா என்றது மறு கட்சி.

பிளவுக்குக் காரணம் ஊடகத்திலேயே இருக்கிறது. நாவலில் காத்யாயனியின் மனம் பக்கம் பக்கமாகத் தன்னோடு தானே வழக்காடுகிறது. அவள் குற்றவுணர்வு அவளுடையது, ஆசிரியரின் தீர்ப்பல்ல என்று வாசகர் எண்ண இடமிருக்கிறது. திரையில் அந்த வழக்கு சுருங்கிவிடுகிறது. நோயில் வாடும் பெண்ணும் நிதானம் குலையாத பெரியவரும்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

எனக்கு இரண்டாம் கட்சியின் வாதமே வலுவாகப் படுகிறது. ஆனாலும் அவர்களிடம் ஒரு கேள்விக்குப் பதிலில்லை: உண்மை தெரிந்த சுரோத்ரி சொத்தைத் துறந்து சந்நியாசியாகப் புறப்பட்டுவிடலாம். காத்யாயனிக்கு மட்டும் ஏன் அப்படியொரு வழி வைக்கப்படவில்லை?