இணையதளத்துக்கும் ஒரு பேரேடு

கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறவரை நாம் கண்ணால் பார்க்கிறோம். காரணமும் ஓரளவு புரியும். ஆனால் பணம் போட்டு அமைத்த இணையதளத்துக்கு வந்து திரும்புகிறவர் நம் கண்ணில் படுவதில்லை. அவரைக் கணக்கில் கொண்டுவரும் ஏடுகளில் ஒன்று, 2005-இல் வந்த 'கூகுள் அனலிட்டிக்ஸ்'. சாதாரணப் பதிப்புக்குக் கட்டணம் இல்லை. பழைய முறை 2023 ஜூலையில் கணக்கெடுப்பதை நிறுத்தத் தொடங்கியது. 'ஜிஏ-4' முறையே இப்போது நடப்பு. தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

வாரம் ஒருமுறை மூன்று கணக்கைப் பார்த்தால் போதும்.

1. வந்தவர் எவ்வழியே வந்தார்? வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் இணைப்பில் 'யுடிஎம்' என்ற அடையாளக் குறி இருந்தால் அது தனியே தெரியும்.

2. எந்தச் சரக்கின் பக்கத்தைப் பார்த்தார்?

3. பார்த்தவர்களில் எத்தனை பேர் ஆர்டர் கொடுத்தார்கள்? ஆர்டரையும் பதியும்படி முதலிலேயே அமைக்கச் சொல்ல வேண்டும்.

நல்லெண்ணெய்ப் பக்கத்தை 200 பேர் பார்த்து 2 பேரே வாங்கினால், விளம்பரத்தைக் கூட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும். விலை, டெலிவரிக் கட்டணம், செல்போனில் பக்கம் திறக்கும் வேகம் ஆகியவற்றையே முதலில் சோதிக்க வேண்டும்.

இணையதளம் இல்லாதவர்கள் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' பகுதியில் கடையைப் பதியலாம். என்ன சொல்லித் தேடினார்கள், எத்தனை பேர் அழைப்புப் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதை அது காட்டும்.

ஒருவரே இரண்டு செல்போனில் பார்த்தால் இருவராகவும் பதிவாகலாம். ஆகவே ஏற்ற இறக்கத்தைக் கவனிப்போம்; முடிவைக் கல்லாக் கணக்கோடு ஒத்துப்பார்த்தே எடுப்போம்.