வழி தெரிந்து போவதா, கேட்டுப் போவதா? நகரும் கம்பியில்லா வலைகளின் நெறிமுறைகள்: ஓர் ஒப்பீடு

செல்போனைக் கம்பியில்லாக் கருவி என்கிறோம். உண்மையில் அது கம்பியில்லாமல் பேசுவது பக்கத்துக் கோபுரம் வரைதான். அதற்குமேல் மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழையோ, கோபுரத்துக்குக் கோபுரம் பாயும் மைக்ரோவேவ் இணைப்போ நம் பேச்சைச் சுமக்கிறது. கோபுரம் சாய்ந்துவிட்டால், அல்லது மின்சாரம் போய் அதன் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், எதிர்வீட்டுக்காரருடன்கூட செல்போனில் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமான் தீவுகளில் இதுதான் நடந்தது. அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ ஆர்வலர்கள்தான் செய்தி கொண்டுபோனார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது வெளியூர்களில் இருந்த நம்மில் பலர், அப்பா அம்மாவுக்கு போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனோம்.

சரி, கோபுரமே இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடைதான் 'மொபைல் அட்-ஹாக் நெட்வொர்க்', சுருக்கமாக மானெட். அதில் செய்தி எந்த வழியாகப் போவது என்று தீர்மானிக்கும் விதிகளை ரூட்டிங் புரோட்டோகால், அதாவது வழிகாணும் நெறிமுறை என்பார்கள். அவற்றில் முக்கியமான நான்கை ஒப்பிட்டுச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். "எது சிறந்தது?" என்ற கேள்வியை மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கேட்போம்.

தபால் எழுதுபவரே தபால்காரர்

அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு 'அட்-ஹாக்' என்ற சொல் நன்றாகப் பழகியதுதான். நிரந்தரம் கிடையாது, அந்த நேரத்துத் தேவைக்கு மட்டும். இந்த வலையும் அப்படித்தான். இதில் ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை அனுப்புவதோடு, அடுத்தவர் செய்தியையும் வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும். ஒரு கருவியின் ரேடியோ 200 மீட்டர் எட்டும் என்றால், பத்துக் கைகள் மாறி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வரை போகலாம். இந்த யோசனை 1970களிலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு நடத்திய பாக்கெட் ரேடியோ சோதனைகளில் இருந்து வருகிறது. இணைய விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 1997-இல் இதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது.

சிக்கல் எங்கே என்றால், முகவரியும் நகர்கிறது, தபால்காரரும் நகர்கிறார். நேற்றைய வழி என்ன, ஒரு நிமிஷத்துக்கு முந்தைய வழியே இப்போது இருக்காது. இன்னொன்று, காற்று பொதுச்சொத்து. ஒரு கருவி பேசும்போது பக்கத்துக் கருவிகள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வழி தேடுவதற்காகப் பேசும் பேச்சு ஒவ்வொன்றும், உண்மையான செய்திக்கு உரிய நேரத்தையும் பேட்டரியையும் தின்றுவிடும். இந்தச் செலவை எப்போது செய்வது என்பதில்தான் நெறிமுறைகள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன.

வழி தெரிந்து வைப்பவர்கள்

முதல் கட்சி எல்லோருக்குமான வழியையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளும். 1994-இல் சார்லஸ் பெர்கின்ஸும், ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பிரவீண் பகவத்தும் வெளியிட்ட டி.எஸ்.டி.வி. இந்த வகை. ஒவ்வொரு கருவியிடமும் ஓர் அட்டவணை இருக்கும்: இன்னாருக்குப் போக அடுத்து யார் கையில் கொடுப்பது, எத்தனை கை மாற வேண்டும். அந்த அட்டவணையை அது அவ்வப்போது அண்டை அயலாருக்கு ஒலிபரப்பும்.

பழைய அட்டவணை முறைகளில் ஒரு பெரிய கோளாறு உண்டு. கோபாலின் வீட்டுக்கு வழி ராமனுக்குத் தெரியும் என்று சீதா நினைப்பாள். சீதாவுக்குத் தெரியும் என்று ராமன் நினைப்பான். இருவரும் கடிதத்தை மாற்றி மாற்றி வீசிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு டி.எஸ்.டி.வி. கண்ட மருந்து எளிமையானது. கோபாலே தன்னைப் பற்றிய செய்திக்கு ஒரு வரிசை எண் போட்டு அனுப்புவார். எண் பெரிதாக இருந்தால் செய்தி புதிது. வதந்தியையும் நடப்புச் செய்தியையும் பிரித்தறிய ஒரு தேதி முத்திரை கிடைத்துவிட்டது.

இதே கட்சியில் இன்னொன்று ஓ.எல்.எஸ்.ஆர். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, 2003 அக்டோபரில் ஐ.இ.டி.எஃப். ஆவணமாக வெளிவந்தது. இதன் சாமர்த்தியம், யார் செய்தியைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதைக் குறைத்ததில் இருக்கிறது. நம் சங்கத்தில் அவசரச் செய்தி ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டுமானால், எல்லோரும் எல்லோருக்கும் போன் போடுவதில்லை. எல்லா வட்டாரத்தையும் எட்டக்கூடிய நாலைந்து பேரைப் பிடித்தால் போதும். ஓ.எல்.எஸ்.ஆரில் ஒவ்வொரு கருவியும், அண்டைக் கருவிகளுக்கு அண்டையில் இருப்பவர்கள் அனைவரையும் எட்டும்படியான ஒரு சிலரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. கூட்டம் நெருக்கமாக இருந்தால் இதனால் மிச்சமாகும் பேச்சு மிக அதிகம். ஆனால் செய்தி எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு விநாடிக்கு ஒரு 'ஹலோ', ஐந்து விநாடிக்கு ஓர் இணைப்பு நிலவர அறிவிப்பு என்ற கணக்கில் இது பேசிக்கொண்டே இருக்கும்.

கேட்டுக் கேட்டுப் போகிறவர்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இரண்டாவது கட்சி. தேவை வந்தால் வழி கேட்டுக்கொள்ளலாம், அதுவரை சும்மா இரு.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சனும் டேவிட் மால்ட்ஸும் 1996-இல் வெளியிட்ட டி.எஸ்.ஆர். இப்படிப்பட்டது. "இன்னாரைத் தெரியுமா?" என்ற கேள்வி வலை முழுவதும் பரவும். கைமாற்றும் ஒவ்வொருவரும் தம் பெயரை அதில் எழுதிவிடுவார். தேடப்பட்டவரைச் சேரும்போது கேள்வியோடு முழு வழியும் எழுதப்பட்டிருக்கும். அதையே அவர் பதிலாக அனுப்புவார். பிறகு அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தித் துண்டின் தலையிலும் அந்த முழுப் பெயர்ப்பட்டியல் இருக்கும். காதில் விழுந்த மற்ற வழிகளையும் கருவிகள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அது பலம், பழைய வழியை நம்பி ஏமாறும்போது அதுவே பலவீனம்.

ஏ.ஓ.டி.வி. என்பது பெர்கின்ஸும் எலிசபெத் ராயரும் 1999-இல் தந்த நெறிமுறை. 2003 ஜூலையில் ஐ.இ.டி.எஃப். ஆவணமானது. இது கேட்டுப் போகும் பழக்கத்தை டி.எஸ்.ஆரிடமிருந்தும், வரிசை எண்ணை டி.எஸ்.டி.வி.யிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. இதில் முழு வழி யாருக்கும் தெரியாது. "இந்தக் கேள்வி எனக்கு யாரிடமிருந்து வந்தது" என்பதை மட்டும் ஒவ்வொருவரும் குறித்து வைப்பார்கள். பதில் அதே தடத்தில் திரும்பி வரும். பயன்படாத வழியைச் சில விநாடிகளில் மறந்துவிடுவார்கள். முதலில் அக்கம்பக்கத்தில் மட்டும் கேட்டு, பதில் இல்லாவிட்டால்தான் அடுத்த தெரு, அதற்கும் அடுத்த தெரு என்று விசாரணையை விரிக்கும் வசதியும் இதில் உண்டு.

எண்கள் சொல்வது என்ன?

1998-இல் கார்னெகி மெலன் குழு ஒன்று டி.எஸ்.டி.வி., டோரா, டி.எஸ்.ஆர்., ஏ.ஓ.டி.வி. ஆகிய நான்கையும் கணினியில் பாவனை வலை அமைத்து ஒப்பிட்டது. 1500 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம் கொண்ட மைதானம், 50 கருவிகள், 900 விநாடி. விநாடிக்கு அதிகபட்சம் 20 மீட்டர் வேகத்தில் நிற்காமல் நகர்ந்தபோது டி.எஸ்.ஆரும் ஏ.ஓ.டி.வி.யும் 95 சதவீதத்துக்குமேல் செய்திகளைச் சேர்த்தன. டி.எஸ்.டி.வி. 70 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து, "தெரிந்து வைக்கும் கட்சி தோற்றது" என்று பாடப்புத்தகங்களில் எழுதாத குறைதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 20 மீட்டர் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். வெள்ளத்தில் மீட்பு வேலை செய்பவர் அந்த வேகத்திலா ஓடுவார்? அதே ஆய்வில் அதிகபட்ச வேகத்தை விநாடிக்கு 1 மீட்டராக, அதாவது நடை வேகத்துக்கும் கீழாகக் குறைத்தபோது, டி.எஸ்.டி.வி. உட்பட எல்லாமே 98 சதவீதத்துக்குமேல் சேர்த்தன. தோற்றதாகச் சொல்லப்பட்ட நெறிமுறை, ஆள் நடக்கும் இடத்தில் தோற்கவில்லை.

2000-இல் சமீர் தாஸ், பெர்கின்ஸ், ராயர் மூவரும் டி.எஸ்.ஆரையும் ஏ.ஓ.டி.வி.யையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். பேசுவோர் குறைவு, நகர்வு குறைவு என்றால் டி.எஸ்.ஆர். மேல், நெருக்கடி கூடக் கூட ஏ.ஓ.டி.வி. மேல் என்று முடிவு வந்தது. முதல் ஆய்வின் ஆசிரியர்களில் டி.எஸ்.ஆரைப் படைத்தவர்கள் இருந்தார்கள், இரண்டாவதில் ஏ.ஓ.டி.வி.யைப் படைத்தவர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே என்று சிரித்துவிட்டுப் போக வேண்டாம். இரு தரப்பும் எதிர்த்தரப்பின் பலத்தையும் நேர்மையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். வேறுபட்டது நாணயம் அல்ல, சோதனைச் சூழல்.

சோதனைக்குள்ளேயே ஒரு ஓட்டை

இந்த ஆய்வுகளில் கருவிகள் நகரும் விதத்துக்கு 'ரேண்டம் வேபாயின்ட்' என்று பெயர். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இடத்தையும் ஏதோ ஒரு வேகத்தையும் தேர்ந்தெடுத்துப் போகும். சேர்ந்ததும் கொஞ்சம் நின்று மறுபடி தேர்ந்தெடுக்கும். 2003-இல் யூன், லியூ, நோபிள் மூவரும் இதில் ஒரு வினோதத்தைக் காட்டினார்கள். விநாடிக்கு 0.1 மீட்டர் என்ற வேகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்ட கருவி 500 மீட்டர் போக 5000 விநாடி ஆகும். சோதனையே 900 விநாடிதான்! வேகமானவை சீக்கிரம் சேர்ந்து மறுபடி தேர்ந்தெடுக்கும். மெதுவானதைத் தேர்ந்தெடுத்தவை அதிலேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே நேரம் ஆக ஆக வலையின் சராசரி வேகம் குறைந்துகொண்டே வரும். இரண்டு பேர் வெவ்வேறு நேர அளவுக்குச் சோதனை ஓட்டினால், உண்மையில் இரண்டு வெவ்வேறு வலைகளை அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குறைந்தபட்ச வேகம் ஒன்றை நிர்ணயித்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

2000 முதல் 2005 வரை மோபிஹாக் மாநாட்டில் வந்த 151 கட்டுரைகளை ஒரு குழு அலசியது. அவற்றில் 114 கட்டுரைகள் கணினிப் பாவனையை நம்பியவை. ஆனால் இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் தந்தவை 15 சதவீதத்துக்கும் குறைவு.

ரேடியோ பற்றிய அனுமானமும் அப்படித்தான். பாவனையில் 250 மீட்டருக்குள் எல்லாம் கேட்கும். 251-ஆவது மீட்டரில் ஒன்றும் கேட்காது. நிஜத்தில் சின்ன 'ஹலோ' தூரத்துக்குக் கேட்கும், பெரிய செய்தி போய்ச்சேராது. குறைந்த கைமாற்று உள்ள வழியே நல்ல வழி என்று இந்த நெறிமுறைகள் எடுத்துக்கொள்வதால், நீண்ட, பலவீனமான தாவல்களாகப் பார்த்துப் பொறுக்கிவிடும். 2003-இல் எம்.ஐ.டி.யில் இதற்கு மாற்றாக இ.டி.எக்ஸ். என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஒரு செய்தியைச் சேர்க்க எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் கணக்கு. நடைமுறையில், நெறிமுறையை மாற்றுவதைவிட அளவுகோலை மாற்றுவதே சில சமயம் பெரிய பலன் தரும்.

களத்தில் நிலைத்தவை

பெர்லினின் ஃப்ரைஃபுங்க் என்னும் சமூக வலை முதலில் ஓ.எல்.எஸ்.ஆரைத்தான் கைக்கொண்டது. வலை பெருத்ததும், முழு வரைபடத்தையும் ஒவ்வொரு சின்னக் கருவியும் கணக்கிடுவது பாரமாகிவிட்டது. "முழு வழி வேண்டாம், எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வழியாகப் போனால் நல்லது என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்ற கொள்கையில் பேட்மேன் என்ற நெறிமுறை அங்கிருந்து பிறந்தது. ஏ.ஓ.டி.வி.யின் வழிமுறை, வீட்டுக் கருவிகளை இணைக்கும் ஜிக்பீயில் வாழ்கிறது. 2011-இல் வெளியான 802.11எஸ் வைஃபை தரம் இரண்டு கட்சியையும் கலந்தது: நுழைவாயிலுக்குப் போகும் வழி முன்கூட்டியே தெரியும், மற்றவர்களுக்குக் கேட்டுக்கொள்ளலாம். நம் நாட்டில் 2005-இல் இமயமலை அடிவாரத்துத் தரம்சாலாவில் எழுந்த சமூகக் கம்பியில்லா வலையிலும் கருவிகள் கூரைகளிலும் மலைமேடுகளிலும் நிலையாகவே நின்றன. 'நகரும் வலை' என்ற பெயரில் பிறந்த கலை, பெரும்பாலும் நகராத இடங்களில்தான் காலூன்றியது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறவன் நான். "ஆகவே ஏ.ஓ.டி.வி.யே சிறந்தது" என்ற கடைசி வரியைக் கண்டால் நான் ஓரத்தில் நான்கு கேள்வி எழுதுவது வழக்கம். கருவிகள் எவ்வளவு வேகத்தில், எந்த விதமாக நகர்ந்தன? எத்தனை பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள்? எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்களா, அல்லது எல்லோரும் ஒரே கட்டுப்பாட்டு அறையிடமா? ரேடியோவை எப்படிக் கணக்கில் எடுத்தாய்?

மூன்றாவது கேள்வியை மாணவர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நிவாரணப் பணியில் அதுதான் தலையாயது. ஐம்பது பேரும் ஒரே முகாமிடம் பேசுகிறார்கள் என்றால், அந்த முகாமுக்கான வழியை ஐம்பது பேரும் தனித்தனியே கூவிக் கேட்பது வீண். அதை முன்கூட்டியே தெரிந்து வைப்பதே சிக்கனம். எப்போதாவது ஒருவர் இன்னொருவரைத் தேடுகிறார், மற்ற நேரம் அமைதி என்றால், பேட்டரியைக் காப்பதற்குக் கேட்டுப் போவதே மேல்.

மாவட்ட நிர்வாகமோ தொண்டு நிறுவனமோ இத்தகைய கருவிகளை வாங்கும்போது, விற்பவர் ஒரு வண்ண வரைபடத்தை நீட்டி "எங்களுடையது 98 சதவீதம் சார்" என்பார். நம் சங்கத்து இளைஞர்களில் பலர் இன்று அந்த மேஜையின் ஏதோ ஒரு பக்கத்தில் உட்காருகிறவர்கள். எந்த மைதானத்தில், என்ன வேகத்தில் வந்த 98 என்று அவர்கள் கேட்க வேண்டும். வெள்ளம் வரும் நாளில் அந்த வரைபடம் கைகொடுக்காது. வாங்கும் முன், இடுப்பளவு தண்ணீரில் நடந்து பார்த்து அளந்த எண்தான் கைகொடுக்கும்.